விலை ஏறியது சரி, யார் தலையில்? அரசின் பொருளாதார முடிவைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

பணவீக்கம் 69.8 சதவீதம் என்று செய்தி வந்தால், அது யாருடைய பணவீக்கம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த எண் ஒரு சராசரி. அரசு வரியைக் குறைத்தாலும், வட்டியைக் குறைத்தாலும், நோட்டு அச்சடித்தாலும், ஏற்றுமதிக்குத் தடை போட்டாலும் அதற்கான பில் யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குப் போகிறது. சராசரி எண்ணில் அந்த வீட்டு முகவரி இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு எக்செல் தாள், அந்த நாட்டின் புள்ளிவிவரத் துறை மாதாமாதம் வெளியிடும் நுகர்வோர் விலைச் சுட்டெண், மத்திய வங்கியின் வட்டி அறிவிப்புகள், குறைந்தபட்ச ஊதியம் பற்றிய அரசிதழ் அறிவிப்புகள். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். முதன்மை எடுத்துக்காட்டாக இலங்கையை வைத்துக்கொள்வோம். 2019 முதல் 2024 வரை வரிக்குறைப்பு, நோட்டு அச்சடிப்பு, நாணயச் சரிவு, வட்டி உயர்வு, வரி உயர்வு எல்லாமே அங்கே அடுத்தடுத்து நடந்தன, தேதிகளும் தெளிவாக இருக்கின்றன. துருக்கி, அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்கா, இந்தியா ஆகியவற்றை ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் எடுப்போம்.

விலை ஏறிய மாதத்தில் தொடங்காதீர்கள்

முதல் வேலை தேதிப் பட்டியல். இலங்கைக் கதையை 2022-இல் தொடங்கினால் உக்ரைன் போர், எண்ணெய் விலை என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். 2019 டிசம்பருக்குப் போங்கள். அன்று வற் வரி (பொருள், சேவைகள்மீதான மதிப்புக்கூட்டு வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதிகம் பேசப்படாமலே போனது: அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாய்க்கு ஏறியது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் கட்டாயமில்லாமல் போனது. ஜி.டி.பி.யில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த அரசு வருவாய் 2021-இல் எட்டரைக்கும் கீழே வந்தது. 2020-இல் கடன் தரமதிப்பீடு சரிந்தது, வெளிநாட்டுச் சந்தையில் கடன் கிடைக்கவில்லை, பள்ளத்தை மத்திய வங்கி நோட்டு அச்சடித்து, திறைசேரி உண்டியல்களை (அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்கள்) வாங்கி நிரப்பியது. 2021 நடுவில் இரசாயன உர இறக்குமதித் தடை. அதே ஆண்டு செப்டம்பர் முதல் டாலரை 200 ரூபாயை ஒட்டி இழுத்துப் பிடித்ததில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்துக்குள் டாலர் 360-ஐத் தொட்டது. ஏப்ரல் 8 அன்று வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு வந்தது.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, ஒவ்வொரு முடிவும் எந்த வாசல் வழியாக விலைக்குள் நுழைகிறது என்று எழுதுங்கள். அரசே விலை நிர்ணயிக்கும் பெட்ரோல், மின்சாரம் என்றால் அன்று நள்ளிரவே தெரிந்துவிடும். பொருள்மீதான வரி ஒன்றிரண்டு மாதத்தில் விலையில் வரும் (ஏற்றம் முழுதாக வரும், குறைப்பு பாதிதான் வரும், கடைக்காரர் சுபாவம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்). நாணயச் சரிவு இறக்குமதிப் பொருளில் சில வாரங்களிலும், மற்றவற்றில் சில மாதங்களிலும் தெரியும். வட்டி மாற்றம் வேலை செய்ய ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு பிடிக்கும். பற்றாக்குறையை நோட்டு அச்சடித்து நிரப்பினால் இரண்டு ஆண்டுகூட ஒன்றும் நடக்காததுபோலத் தெரியலாம். இலங்கையில் கொழும்புச் சுட்டெண்ணின்படி 2021 டிசம்பரில்தான் பணவீக்கம் 12.1 சதவீதமாக இரண்டு இலக்கத்தைக் கடந்தது. இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள் கடைசியாக நாற்காலியில் இருந்தவரைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எந்தச் சுட்டெண்?

இலங்கையில் இரண்டு சுட்டெண்கள் உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் நகர்ப்புறக் குடும்பங்களின் கூடை, அதாவது அவர்கள் வழக்கமாக வாங்கும் பொருள்களின் பட்டியல். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் நாடு முழுவதற்கும். 2013-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் உணவுக்குக் கொழும்பில் 28 சதவீத எடை (மொத்தச் செலவில் அதன் பங்கு), தேசிய அளவில் 44. 2022 செப்டம்பரில் முதலாவது 69.8 என்றது, இரண்டாவது 73.7 என்றது. நுவரெலியாவில் வாழ்பவரைப் பற்றிப் பேசும்போது கொழும்பு எண்ணை எடுத்தால் தொடக்கத்திலேயே கணக்கு அவருக்குப் பாதகமாகச் சாய்ந்துவிடும். இருந்தாலும் செய்திகளில் முதலில் வருவது கொழும்பு எண்தான். கீழே அதையே பயன்படுத்துகிறோம். ஏழைகளின் சுமை இதைவிடக் கூடுதல் என்று நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாடுகளை ஒப்பிடும்போது எடைதான் முதல் கண்ணி. இந்தியாவின் 2012 அடிப்படைத் தொடரில் உணவு, பானங்களின் எடை 45.86 ஆக இருந்தது. அமெரிக்கச் சுட்டெண்ணில் உணவின் பங்கு 14 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உணவு விலை இரு நாட்டிலும் 10 சதவீதம் ஏறினால் அந்தத் தொடரின்படி இந்தியச் சுட்டெண் 4.6 புள்ளி நகரும், அமெரிக்காவில் சுமார் 1.4. ஒரே மழை, இரண்டு விதமான வெள்ளம். மொத்தப் பணவீக்க எண்ணை வைத்து "எங்கள் அரசு அவர்களைவிட நன்றாகச் சமாளித்தது" என்று யாராவது சொன்னால் முதலில் உணவு எடையைக் கேளுங்கள்.

இரண்டாவது கண்ணி, மாத எண்ணையும் ஆண்டு எண்ணையும் குழப்புவது. அர்ஜென்டினாவில் 2023 டிசம்பரில், டாலருக்கு 366-ஆக இருந்த பெசோவை 800-க்கு இறக்கிய மாதத்தில், ஒரே மாத விலை ஏற்றம் 25.5 சதவீதம். அதே வேகம் 12 மாதம் நீடித்தால் 306 சதவீதம் என்று கூட்டல் போட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு 1.255-களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும், 15 மடங்குக்கு மேல் வரும், அதாவது ஏற்றம் 1,400 சதவீதத்தைத் தாண்டும். அந்த வேகம் நீடிக்கவில்லை. 2024 ஏப்ரலில் மாத எண் 8.8-க்கு இறங்கியிருந்தது. ஆனால் அதே ஏப்ரலில் ஆண்டு எண் 289.4 என்ற உச்சியில் நின்றது. ஒருவர் "அடங்குகிறது" என்றும் இன்னொருவர் "முப்பது ஆண்டில் காணாத உயர்வு" என்றும் எழுதினார்கள். இருவர் சொன்னதும் சரி. ஆண்டு எண் 12 மாதச் சுமையை முதுகில் தூக்கிக்கொண்டு வருகிறது. கொள்கையின் இன்றைய போக்கு தெரிய மாத எண்ணையும், வீட்டுக்கு விழுந்த மொத்த அடி தெரிய ஆண்டு எண்ணையும் பாருங்கள்.

இரண்டு கூடைக் கணக்கு

இதுதான் வேலையின் மையம். கொழும்புச் சுட்டெண்ணில் 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9, உணவல்லாதவை 57.6. இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று செலவில் 60 சதவீதத்தை உணவுக்குக் கொடுக்கிறது, மற்றொன்று 20.

முதல் வீடு: 0.60 × 94.9 = 56.9, 0.40 × 57.6 = 23.0, கூட்டினால் 80 சதவீதம்.
இரண்டாம் வீடு: 0.20 × 94.9 = 19.0, 0.80 × 57.6 = 46.1, கூட்டினால் 65 சதவீதம்.

ஒரே ஊர், ஒரே மாதம், 15 புள்ளி இடைவெளி. சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய்கூட மாறாமலேயே இருவருக்கும் நடுவே இருந்த தூரம் கூடிவிட்டது.

இங்கே ஒரு சோதனை செய்யுங்கள். அச்சில் உள்ள 28 சதவீத எடையைப் போட்டால் 68.0 வருகிறது, அதிகாரபூர்வ எண்ணோ 69.8. கணக்கில் பிழையில்லை. அந்த எடை 2013-இன் எடை. அதன்பிறகு உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறியதால் கூடையில் அதன் உண்மைப் பங்கு வீங்கிவிட்டது. எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம்: (69.8 − 57.6) ÷ (94.9 − 57.6) = 0.33. அதாவது நடுத்தர நகரக் குடும்பத்தின் கூடையிலேயே உணவு 33 சதவீதமாகியிருந்தது. எந்த நாட்டுச் சுட்டெண்ணிலும் உட்பிரிவுகளைக் கூட்டும்போது மொத்தத்தோடு ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பணவீக்கம் இறங்கினால் விலை இறங்காது

2023 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 1.3 சதவீதம். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடையை எடுங்கள். ஓராண்டு கழித்து 169.80, மேலும் ஓராண்டு கழித்து 169.80 × 1.013 = 172. விலை ஏறுவது நின்றது, ஏறியது இறங்கவில்லை.

இதன்மேல் கூலியை வையுங்கள். மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனது. 2023 செப்டம்பரிலும் அதே ஆயிரம். 1,000 ÷ 1.72 = 581. இரண்டு ஆண்டுக்கு முந்தைய விலையில் அந்த ஆயிரத்தின் பெறுமதி அவ்வளவுதான். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. அந்த மாதம் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.5. கூடை 171 ரூபாய். 1,350 ÷ 1.71 = 789. சம்பளம் 35 சதவீதம் உயர்ந்தது என்ற தலைப்புச் செய்திக்கும் இந்த 789-க்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் இந்தக் கணக்கு. நாட்சம்பளத்தை மாத வருமானமாக மாற்ற வேண்டுமானால், எத்தனை நாள் வேலை தரப்பட்டது, முழுச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்கச் சொன்னார்கள் என்ற இரண்டும் தெரிய வேண்டும். இல்லாமல் 25-ஆல் பெருக்கிவிடாதீர்கள்.

சம்பளம் படிப்படியாகத்தான் ஏறும், விலை நாள்தோறும் ஏறும். துருக்கியில் குறைந்தபட்ச ஊதியம் 2022 ஜனவரியில் 4,253 லிரா, ஜூலையில் 5,500, 2023 ஜனவரியில் 8,506. உயர்வு அறிவித்த மாதத்தை மட்டும் எடுத்தால் தொழிலாளி இலாபம் பார்த்ததுபோலவும், அதற்கு முந்தைய மாதத்தை எடுத்தால் அழிந்ததுபோலவும் காட்டலாம். அரசுத் தரப்பு முதலாவதை எடுக்கும், எதிர்த்தரப்பு இரண்டாவதை. நீங்கள் 12 மாதத்துக்கும் தனித்தனியாக வகுத்து அதன் சராசரியை எடுங்கள்.

பேரேட்டின் மறுபக்கம்: கடன், சேமிப்பு, சொத்து

செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். விலை ஏறும்போது கடன் வாங்கியவர் இலேசாகிறார், கடன் கொடுத்தவர் கரைகிறார். இதற்குக் கழித்தல் போடாதீர்கள், வகுத்தல் போடுங்கள். துருக்கியில் 2022 அக்டோபரில் கொள்கை வட்டி (மத்திய வங்கி நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி) 10.5, பணவீக்கம் 85.5. கழித்தால் மைனஸ் 75 என்ற அபத்தம் வரும். சரியான முறை: 1.105 ÷ 1.855 = 0.596. அதாவது அந்த வட்டிக்கு லிராவைப் போட்டு வைத்தவர் ஓராண்டில் சுமார் 40 சதவீத வாங்கும் சக்தியை இழந்திருப்பார். அந்த 40 மறைந்துபோவதில்லை, மலிவு வட்டிக்குக் கடன் வாங்க முடிந்தவரிடம் போய்ச் சேர்கிறது. அப்படி வாங்க முடிந்தவர் யார்? வங்கியில் அடமானம் வைக்க எதையாவது வைத்திருப்பவர், பெரும் நிறுவனம், இரண்டாவது வீடு வாங்குபவர். வாடகை வீட்டில் இருப்பவர் அந்த வரிசையிலேயே இல்லை.

அதோடு நிற்கவில்லை. 2021 டிசம்பரில் துருக்கி ஒரு வைப்புத் திட்டம் கொண்டுவந்தது. லிரா சரிந்து வட்டியைவிட அதிக இழப்பு வந்தால் வித்தியாசத்தை அரசுத் தரப்பு ஈடுகட்டும் என்றது. டாலர் வாங்கி ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சேமிப்பு உள்ளவருக்குப் பொதுப்பணத்தில் காப்பீடு. சேமிப்பே இல்லாதவர் ரொட்டிக்குக் கட்டும் வரியிலும் அதற்கான பங்கு இருந்தது. ஒரு திட்டம் "விலைவாசியைக் கட்டுப்படுத்த" என்ற பெயரில் வரும்போது, அதில் நுழையக் குறைந்தபட்சம் எவ்வளவு பணம் கையில் வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலான சமயம் அந்த ஒரு கேள்வியே விடை சொல்லிவிடும்.

பிரேசிலில் இது தலைகீழாகவும் வேலை செய்தது. 1994 ஜூலையில் ரியால் நாணயம் வருவதற்கு முந்தைய மாத விலை ஏற்றம் 47 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வங்கிக் கணக்கு உள்ளவரின் பணம் நாள்தோறும் விலைக்கேற்ப வளரும் கணக்கில் இருந்தது. கையில் ரொக்கமாகக் கூலி வாங்கியவர் அதை 30 நாள் வைத்திருந்தால் 1 ÷ 1.47 = 0.68, மூன்றில் ஒரு பங்கு காலி. பணவீக்கத்தை நிறுத்தியதே ஏழைக்குக் கிடைத்த வரிக்குறைப்பு. ஆனால் வருமான இடைவெளி உடனே குறைந்துவிடவில்லை. அந்த இடைவெளியை அளக்கும் கினி எண் 2001-இல் 0.58 இருந்து 2014-இல் 0.52 ஆனது. அதற்குக் குறைந்தபட்ச ஊதிய உயர்வும், பள்ளிக் கல்விப் பரவலும், 2003-இல் தொடங்கிய போல்சா ஃபமீலியா உதவித்தொகையும் வேண்டியிருந்தன.

கினி எண்ணை எடுக்கும்போது

கினி பூச்சியமென்றால் எல்லோருக்கும் சமம், ஒன்றென்றால் எல்லாம் ஒருவரிடம். நாடுகளை ஒப்பிடுவதற்குமுன் அந்த எண் வருமானத்தின் மீதா நுகர்வின் மீதா என்று பார்க்காவிட்டால் எல்லாம் வீண். இலங்கையின் 2019 குடும்ப வருமானக் கணக்கெடுப்பு 0.46 என்றது. அதே ஆண்டுக்கு உலக வங்கி நுகர்வை வைத்துப் போட்ட எண் 0.377. நாடும் ஒன்று, ஆண்டும் ஒன்று. காரணம் எளிது. பணக்காரர் சம்பாதிப்பதில் ஒரு பகுதியைத்தான் செலவழிக்கிறார், ஏழை முழுவதையும் செலவழிக்கிறார், சில சமயம் கடன் வாங்கியும் செலவழிக்கிறார். அதனால் நுகர்வு எண் பெரும்பாலும் மென்மையாகத் தெரியும். இந்தியாவின் 0.255 நுகர்வு எண். அதை மற்ற நாடுகளின் வருமான எண்களுக்குப் பக்கத்தில் வைத்து, உலகிலேயே சமத்துவம் மிகுந்த நாடுகளில் நான்காவது என்று 2025-இல் அரசுச் செய்திக் குறிப்பே வந்தது. வருமான வரித் தரவையும் சேர்த்துப் பார்த்த உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் கணக்கிலோ 2022-23-இல் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கைக்கு நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம் போகிறது.

இன்னொன்று: வரிக்கும் உதவித்தொகைக்கும் முந்தைய கினி, பிந்தைய கினி என்று இரண்டு உண்டு. ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பு) நாடுகளுக்கு இரண்டும் கிடைக்கும். அரசு என்ன செய்தது என்பது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கினி மெதுவாக நகரும் எண், கணக்கெடுப்பும் சில ஆண்டுக்கு ஒருமுறைதான். நேற்றைய வட்டி முடிவின் விளைவை அதில் தேடாதீர்கள். அதற்கு உண்மைக் கூலியும் (மேலே செய்ததுபோல் விலை ஏற்றத்தால் வகுத்த கூலி) வறுமை விகிதமும்தான் சரியான அளவுகோல். உலக வங்கி மதிப்பீட்டில் இலங்கையின் வறுமை 2021-இல் 13 சதவீதத்தை ஒட்டி இருந்து 2022-இல் 25 ஆனது.

மருந்துக்கான பில்

விலை ஏறியபோது யார் கட்டினார் என்று பார்ப்பவர்கள், அதை அடக்கியபோது யார் கட்டினார் என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். இலங்கையில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. "சராசரி" என்ற சொல்லைக் கண்டதும் அலகு வாரியான கட்டண அட்டவணையைத் திறந்து, கீழ்த்தட்டுக்கு எத்தனை சதவீதம் என்று தனியாகப் பாருங்கள். வற் வரி 8, 12, 15 என ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. வருமான வரியின் உச்ச விகிதம் 36 ஆனது. அது மேல்தட்டிலிருந்து வந்த பங்கு. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் கையிலிருந்த ரூபாய்த் திறைசேரிப் பத்திரங்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியத்தின் பத்திரங்கள் குறைந்த வட்டியுள்ள நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. வங்கி விழுந்தால் எல்லாம் விழும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பில் சம்பளக்காரரின் ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போனது என்பதும் உண்மை. மறுபக்கத்தில் 2023 ஜூலை முதல் பழைய சமுர்த்தி உதவித்திட்டத்துக்குப் பதில் அஸ்வெசும உதவித்தொகை: தொடக்கத்தில் மிகவும் வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500. பட்டியலில் பெயர் இருந்தவருக்கு. இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, வருமான அடுக்கு ஒவ்வொன்றுக்கும் எதிரே கூட்டல், கழித்தல் குறி போட்டால்தான் படம் முழுமையாகும்.

பணவீக்கம் கூடினால் ஏற்றத்தாழ்வும் கூடும் என்று முன்முடிவோடு உட்காராதீர்கள். அமெரிக்காவில் 2021-இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை விரித்துப் பணமாகவே கொடுத்தபோது, உதவித்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் குழந்தை வறுமை விகிதம் 5.2 சதவீதமாக இறங்கியது. அந்தச் சலுகை காலாவதியான மறு ஆண்டு 12.4 ஆனது. அரசு தாராளமாகச் செலவழித்ததும் விலை ஏற்றத்துக்கு ஒரு காரணம், 2022 ஜூனில் 9.1 சதவீதம்வரை போனது. ஆனால் அந்த ஆண்டுகளில் அடிமட்டக் கூலி மேல்மட்டத்தைவிட வேகமாக ஏறியது. இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் போகலாம்.

விலையைக் குறைக்கும் முடிவுக்கும் பில் உண்டு. இந்தியா 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும், டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியையும் தடுத்தது. நகரத்து வீட்டுக்கு வெங்காய விலை கட்டுக்குள் வந்தது. வெங்காயம் விளைவித்தவருக்கு அதே தடை வரி போட்டதற்குச் சமம். அரிசிக்கு இந்தியாவை நம்பியிருந்த நாடுகளுக்கு விலை ஏறியது. இப்படிப்பட்ட முடிவைக் கணக்கிடும்போது தாளில் மூன்று பத்தி வேண்டும்: உள்நாட்டில் வாங்குபவர், உள்நாட்டில் விளைவிப்பவர், வெளிநாட்டில் வாங்குபவர். முதல் பத்திக்கு நுகர்வோர் சுட்டெண், இரண்டாவதுக்கு மண்டி விலை, மூன்றாவதுக்கு ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் மாதாந்திர அரிசி விலைக் குறியீடு. மண்டி விலையை எடுக்கும்போது அறுவடை மாதத்தை மட்டும் எடுங்கள். சிறு விவசாயி விற்பது அப்போதுதான். ஆறு மாதம் கழித்து ஏறும் விலை கிடங்கு வைத்திருப்பவரின் வருமானம்.